குரூகரில் குடும்பம்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா 1926இல் அமைந்தது. பரப்பு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். பள்ளி விடுமுறையில் அங்கே கூட்டமாகத் திரியும் உயிரினம் குடும்பம். சொந்தக் காரிலேயே சுற்றலாம். ஆனால் முகாம்களையும் குறிப்பிட்ட சில இடங்களையும் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. ஆக, கூண்டுக்குள் இருப்பது மனிதர்; விலங்குகள் வெளியே காற்றாட நடக்கின்றன.

தார்ச்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். முதல் இம்பாலா மானுக்குக் கார் நிற்கும், பிள்ளைகள் கூவுவார்கள், அப்பா நாற்பது படம் எடுப்பார். மதியத்துக்குள் பின்சீட்டிலிருந்து “மறுபடியும் மானா?” என்ற சலிப்பு எழும். சிங்கத்தைத் தேட வேண்டியதே இல்லை. பத்துப் பதினைந்து கார்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றால் அங்கே ஒரு புதர், புதருக்குள் ஒரு வால்நுனி. அதுவும் “சிங்கம் பார்த்தாச்சு” கணக்கில் சேரும்.

பொழுது சாய்வதற்குள் முகாம் திரும்பாவிட்டால் கதவை அடைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. அடித்துப் பிடித்து வந்து கரி மூட்டி, இறைச்சி வாட்டத் தொடங்கும்போது ரொட்டிப் பை கூரைமேல் இருக்கும். வெர்வெட் குரங்கு அவசரமில்லாமல் முடிச்சை அவிழ்க்கும். அன்றைக்கு மிக அருகில் கண்ட காட்டுவிலங்கு அதுதான். குரங்குக்குத் தீனி கொடுப்பது அங்கே விதிமீறல். குரங்கு தானே எடுத்துக்கொள்வதற்கு விதி ஏதுமில்லை.