மாற்றுப்பணிக்குப் போன பெருமாள்

கீழைத் தத்துவம் என்றதும் சிலர் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த பழையசீவரத்தில் அதற்கு நேரமில்லை. அங்கே கதைதான் சமயம், அதுவும் ஏறக்குறைய அரசாங்க உத்தியோகக் கதை.

படையெடுப்புக் காலத்தில் காஞ்சி வரதர் கோயிலின் அத்தி மர மூலவரான அத்தி வரதரைக் குளத்துக்குள் மறைத்துவிட்டார்களாம். காலியான இடத்துக்கு பழையசீவரம் மலையிலிருந்து கல் பெருமாளைக் கொண்டுபோனார்களாம். தற்காலிக ஏற்பாடு! நம் நாட்டில் தற்காலிக ஏற்பாடு என்றைக்கு முடிந்திருக்கிறது? அவர் அங்கேயே நிரந்தரமாகிவிட்டார்.

சரி, விசுவாசமாக வேலை பார்த்தவருக்கு என்ன மரியாதை? தினமும் நின்றபடி சேவை சாதிப்பவரை விட்டுவிட்டு, 40 வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீரிலிருந்து வெளியே வரும் அத்தி வரதரைப் பார்க்க 2019இல் 48 நாளும் நாடே திரண்டது. சீனியாரிட்டி பேச அவருக்குச் சங்கமும் கிடையாது.

மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு மலையேறுவார். ஊர் கொள்ளாத கூட்டம். ஆனால் வருகிறவர் உற்சவர். இங்கிருந்து போனதாகச் சொல்லப்படும் மூலவருக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. பிறகு வரதர் பாலாற்றின் அக்கரைக்கு, திருமுக்கூடலுக்குப் போகிறார். பார்வேட்டை என்றால் வேட்டைதான். பாலாற்றில் மட்டும் அவர் வேட்டையாட ஒன்றும் மிச்சமில்லை. மணல் லாரிகள் முந்திக்கொண்டன.