ஒரு சிறுத்தை பாக்கி

யாரோ ஒருவர் எனக்கு ஒரு சிறுத்தை பாக்கி வைத்திருக்கிறார். யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

2024 ஏப்ரல் 2ஆம் தேதி இரவு, மயிலாடுதுறையில் கூறைநாட்டுப் பக்கம் ஒரு சிறுத்தை நடந்துபோனது. சிசிடிவியில் பதிவாகியிருந்ததால், நாயைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, மூங்கில் புதர் உண்டு. காடு என்று சொல்லிக்கொள்ளக் கருவேலங்காட்டை விட்டால் வேறு கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு சிறுத்தை வந்ததை நாங்கள் ஏறக்குறைய ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டோம். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கூண்டு வந்தது, தானியங்கிக் கேமரா வந்தது, டிரோன் வந்தது. அதே மாதம் 19ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் வேறு. ஓட்டுக் கேட்காமல் தெருத்தெருவாகப் போனது அது ஒன்றுதான் என்பதால், டீக்கடைகளில் வேட்பாளர்களை விட அதற்கே ஆதரவு அதிகம்.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததுமே கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவோம். இருட்டிய பிறகு இட்லி மாவு வாங்கி வரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பும் வழக்கம் அடியோடு நின்றது. அந்த ஒரு காரணத்துக்காகவே அது இன்னும் கொஞ்ச நாள் தங்கியிருக்கலாம் என்பது என் கட்சி.

தங்கவில்லை. குத்தாலம் பக்கம் என்றார்கள், காஞ்சிவாய்ப் பக்கம் என்றார்கள். பிறகு மாவட்டமே தாண்டி, அரியலூர் மாவட்டம் செந்துறையில் தென்பட்டது என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். தேர்தல் வந்தது, ஓட்டுப் போட்டோம், விரலில் மை காய்ந்தது. பிடித்தார்கள் என்றோ, தானாகப் போய்விட்டது என்றோ யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெரம்பலூர் வழியாகப் பச்சைமலை ஏறிவிட்டதா? கொள்ளிடக்கரை நாணல் பிடித்துப்போய் அங்கேயே குடியேறிவிட்டதா? பல நாள் இதே யோசனையாக இருந்தேன். கடைசியில் மனைவி ஒரு தூக்குவாளியை நீட்டினாள். “அது இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். நீங்க போய் மாவு வாங்கிட்டு வாங்க.”

தொடர்கதை படித்து வளர்ந்தவன் நான். கதாநாயகி கிணற்றுமேட்டில் கால் வழுக்கும்போது ‘தொடரும்’ என்று போட்டால், அடுத்த வாரம் கட்டாயம் தொடர்வார்கள். விழுந்தாளா பிடித்துக்கொண்டாளா என்பது வியாழக்கிழமை தெரிந்துவிடும். நாளிதழ்கள் அந்த நாணயத்தைக் காப்பதில்லை. அவர்கள் எல்லாரையும் கிணற்றுமேட்டிலேயே நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். போகும்போது ‘தனிப்படை அமைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. தமிழ்நாட்டில் இதுவரை அமைத்த தனிப்படைகளில் பாதியாவது இன்னும் எங்கோ தேடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். வீடு திரும்பியதாகச் செய்தி இல்லை.

2016ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது மறக்க முடியாத ஆண்டு.

மே 16ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். அதற்கு முன்பு, திருப்பூர் அருகே தேர்தல் பறக்கும் படை மூன்று கண்டெய்னர் லாரிகளை மடக்கியது. உள்ளே 570 கோடி ரூபாய். அந்தத் தொகையை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். அந்தச் சமயத்தில் சாதாரண ஜனங்கள் கையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் இருந்தால், தகுந்த சீட்டு இல்லாமல் நகர முடியாது. எங்கள் உறவுக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனவர், சோதனைச் சாவடியில் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டியிருக்கிறார். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் விட்டார்களாம். கண்டெய்னர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. பாரத ஸ்டேட் வங்கி முன்வந்து, எங்கள் பணம்தான், கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகிறது என்றது. லாரிகள் திருப்பூர் ஆட்சியர் அலுவலகத்தில் சில நாள் நின்றன. எதிர்க்கட்சி நீதிமன்றம் போனது. ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சி.பி.ஐ. விசாரிக்கட்டும் என்றது. அதற்குப் பிறகு அந்த 570 கோடி தலைப்புச் செய்தியிலிருந்து மேடைப் பேச்சுக்கு மாறியது. ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர் ‘அந்தக் கண்டெய்னர் என்ன ஆச்சு?’ என்று கேட்பார், கூட்டம் கை தட்டும். பதிலைக் கேட்கத்தான் யாரும் உட்காருவதில்லை.

அந்த மூச்சு விடுவதற்குள் ஆகஸ்டில் ரயில் கொள்ளை. சேலத்திலிருந்து எழும்பூர் வரும் ரயில். வங்கிகள் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிய பழைய, அழுக்கு நோட்டுகள், மொத்தம் 342 கோடி. ராத்திரியில் பெட்டியின் கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, 5 கோடியே 78 லட்சத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் எழும்பூரில் கதவைத் திறந்தால் மேலேயிருந்து வெளிச்சம் விழுகிறது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் தெருவில் வேலை நடக்கவில்லை. மின்சார ரயில் பாதை வந்துவிட்ட இடத்தில் கூரை மேல் எப்படி உட்கார முடியும், டீசல் எஞ்சின் எதுவரை இழுத்தது, எந்த ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் நின்றது என்று சலூன் கடையில் ஒரு புலனாய்வே நடந்தது. முடி வெட்டுகிறவர் ரயில்வே அட்டவணையை மனப்பாடமாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு லேசாகச் சந்தேகம்கூட வந்தது.

இந்தச் செய்திக்கு மட்டும் நல்ல கதி கிடைத்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. நாசாவின் செயற்கைக்கோள் படங்கள் வரை கேட்டு வாங்கினார்கள் என்று எழுதினார்கள். 2018இல் மத்தியப் பிரதேசக் கும்பல் ஒன்று பிடிபட்டது. ஆனால் என்னைக் கேட்டால், கதையின் சிறந்த அத்தியாயம் அதற்கு முன்பே, வேறு செய்தியாக வந்துவிட்டது. கொள்ளை நடந்து சரியாக மூன்று மாதத்தில், நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார். நாடே வங்கி வாசலில் நின்றது. நான் என் அழுக்கு நோட்டு நாலைந்தை மாற்ற வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உயிரைப் பணயம் வைத்து ஓடுகிற ரயிலின் கூரையை அறுத்தவனுக்கும் ஆதார் நகல் கேட்பார்களே என்று நினைத்தபோது, என் கால்வலி கொஞ்சம் குறைந்தது.

பத்மநாபசுவாமி கோயிலின் ‘பி’ நிலவறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011இல் மற்ற நிலவறைகளைத் திறந்தபோது தங்கமாக வந்தது. ‘பி’ மட்டும் பூட்டியே கிடக்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்துவிட்டது, கதவு அசையவில்லை. இதில் எனக்கு வருத்தமில்லை. நாகம் காக்கிறது, கடல் உள்ளே வந்துவிடும் என்றெல்லாம் பெரியம்மா சொல்லும் கதைகளுக்கு ஈடாக உள்ளே எதுவும் இருக்கப்போவதில்லை.

வைகை அணைத் தெர்மாகோல் இதற்கு நேர் எதிர். 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க ஓர் அமைச்சர் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்றடித்துக் கரைக்கு வந்துவிட்டன. அந்தச் செய்தி இன்றுவரை சாகவில்லை. மீம் வடிவில் அதற்கு நித்திய வாழ்வு. ஆனால் வைகை அணைத் தண்ணீர் ஆவியாவதை வேறு எப்படித் தடுப்பது, யாராவது யோசிக்கிறார்களா என்ற தொடர்ச்சியை நான் எங்கும் பார்க்கவில்லை. 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்கள். அவர்கள் ஊரில் மீம் போடத் தெரிந்தவர்கள் குறைவு போலிருக்கிறது.

எங்கள் ஊர் நிருபர் ஒருவர் எனக்குப் பழக்கம். சிறுத்தை விஷயத்தில் இரவு பகலாக அலைந்தவர். ஒருநாள் பேருந்து நிலையத்தில் அவரைப் பிடித்து, அதற்கப்புறம் என்ன ஆயிற்று, ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“அண்ணே, புடிச்சா செய்தி. யாரையாவது கடிச்சா செய்தி. ஒண்ணும் நடக்கலேன்னா அதை என்னிக்குத் தேதியில போடுறது? ‘இன்றும் சிறுத்தை வரவில்லை’ன்னு தினம் ஒரு பெட்டிச் செய்தி அனுப்பினா டெஸ்க்ல என்னையக் கூண்டுல வெச்சுருவாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தொடங்குவதற்கு ஒரு தேதி இருக்கிறது. முடிந்துபோவதற்குப் பெரும்பாலும் தேதி கிடையாது. காலடித் தடம் மங்கிப்போவது எந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது என்று யார் சொல்வது? இருந்தாலும் நான் விடவில்லை. வாரம் ஒருமுறை அரைப் பக்கம், பழைய செய்திகளின் இன்றைய நிலவரம் என்று போடலாமே என்றேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நாலு வாரம் போடுவாங்கண்ணே. அப்புறம் அந்த அரைப் பக்கம் என்ன ஆச்சுன்னு நீங்களே வந்து கேப்பீங்க.”

எனக்கு இந்த நோய் பரம்பரையாக வந்தது. என் சித்தப்பாவுக்கு மூலிகைப் பெட்ரோல்.

1996இல் ராஜபாளையம் பக்கத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, இலை, தண்ணீர், உப்பு, எலுமிச்சை என்று போட்டுக் கொதிக்கவைத்து எரிபொருள் எடுத்துக் காட்டினார். சில விஞ்ஞானிகளே அசந்துபோனார்கள். டெல்லி வரை பேச்சு. அரபு நாடுகளுக்கு இனி என்ன வேலை என்று எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் திண்ணையில் கவலைப்பட்டார்கள். சித்தப்பா கவலைப்படுகிற ஆள் இல்லை, காரியத்தில் இறங்குகிற ஆள். பெட்ரோல் குடிக்கும் என்று யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு பழைய லாம்ப்ரட்டாவை, பேரம்கூடப் பேசாமல் வாங்கிவந்து திண்ணை ஓரமாக நிறுத்தினார். பெட்ரோல் லிட்டர் மோர் விலைக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தார்.

காத்திருக்கும் நேரத்தில் சொந்தமாகவும் முயன்றார். கொல்லையில் இருந்த ஆடாதொடை, நொச்சி, குப்பைமேனி, ஊமத்தை என்று ஒன்றையும் விடவில்லை. வடிகட்டியதை ஒரு திரியில் நனைத்துக் கொளுத்துவார். அது புகையும், நாறும், அணையும். நொச்சி கொதித்த அன்று மட்டும் தெருவில் இரண்டு பேருக்குச் சளி இறங்கியது. சித்தி பொறுமைசாலிதான். ரசம் வைக்கிற ஈயச்சொம்பை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைக்குக் கிளம்பிய நாளில்தான் வாயைத் திறந்தாள். ஆராய்ச்சி அன்றோடு நின்றது.

வெளியிலும் அதற்குள் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் சோதித்தபோது வேலைக்கு ஆகவில்லை. கிண்டுகிற கோலுக்குள்ளேயே எரிபொருளை வைத்து மெழுகால் அடைத்திருக்க வேண்டும், சூட்டில் மெழுகு இளகினால் பெட்ரோல் ‘உற்பத்தி’ ஆகிவிடும் என்று விஞ்ஞானிகள் விளக்கம் சொன்னார்கள். ஆனால் முதல் செய்தியை எட்டுப் பத்தியில் படித்தவர்கள் இதை ஒரு பத்தியில் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சித்தப்பா படிக்கவில்லை. டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களைக் கலந்து மூலிகை என்று விற்றதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது, 2000இல் கைது செய்தது, எதுவும் அவர் காதுக்கு எட்டவில்லை. லாம்ப்ரட்டா திண்ணையோரம் நின்றது. அதன் மேல் வடகம் காய்ந்தது. பின்னால் கோழி முட்டையிட்டது.

2016 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. மூன்றாண்டு சிறை. இருபது வருஷம் கழித்து வந்த அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். எழுபது தாண்டியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாய்விட்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஏதோ தீபாவளித் தள்ளுபடி விளம்பரம். மறுபடி முன்பக்கம் திருப்பி, இன்னொரு தடவை மேலிருந்து கீழே வந்தார்.

“அதெல்லாம் சரிடா, அது என்ன செடின்னு கடைசிவரைக்கும் போடவே இல்லையே?”