சீமைக்குப் போன புல்லட்

ரெட்டிச், இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

திருச்சுழிப் பக்கம் மழை உண்டா? இங்கே விட்டபாடில்லை.

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு பழைய புல்லட்டை வாங்கிவிட்டேன். 1984 மாடல், 350 சிசி. நான் ஸ்பானர் பிடித்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். ஆனால் கூத்தைக் கேளுங்கள். புல்லட்டுக்குப் பூர்வீகமே இந்த ரெட்டிச்தான். ஊசி செய்த கம்பெனி சைக்கிளுக்கு மாறி, 1901இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. 1955இல் மெட்ராஸில் கூட்டுக் கம்பெனி போட்டார்கள். 1970இல் இங்கிலாந்திலேயே கடையைச் சாத்தியாயிற்று. நம்மாட்கள் திருவொற்றியூரில் விடாமல் செய்து, 1977இலிருந்து இவர்களுக்கே கப்பலேற்றினார்கள். என் வண்டியும் அப்படி வந்ததுதான்.

கழற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமலிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அது மட்கார்டு போல்ட்டையும் நட்டையும் ஒன்றாக்கிவிட்டது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, மறுபடி எண்ணெய் விட்டுத் திருகினால் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வருகிறது. மரை கழன்றது வண்டிக்கில்லை என்கிறாள் உங்கள் மகள். நம் தொழுவத்தில் கருவேலங்கட்டைக்கு நடுவே எத்தனை வருஷமாகக் கிடக்கிறது உங்கள் ராஜ்தூத் பைக்! இன்றைக்கும் அதன் நட்டைக் கையாலேயே கழற்றலாம். கரிசக்காட்டு வறட்சியை இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

புது ஸ்பானர் செட்டில் ஒன்றும் உட்காரவில்லை. எல்லாம் பழைய பிரிட்டிஷ் மரை. அதற்கான ஸ்பானரில் பொறித்திருப்பது போல்ட் தலையின் அளவில்லையாம், தண்டின் அளவாம். பக்கத்து வீட்டுத் தாத்தா தன் அப்பா காலத்துச் செட்டை இரவல் தந்தார். தினமும் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஸ்டார்ட் செய்வது தனி வித்தை. கிக்கரை மெல்ல மிதித்து, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டுவிட்டு ஓங்கி மிதிக்க வேண்டும். இடம் தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும், நம் வீட்டுக் கிடேரி மாதிரி.

நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு இங்கே ரோடு வரி கிடையாது. வருஷாந்திரப் பரிசோதனையும் இல்லை. சேசிஸையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றினால் பரிசோதனைச் சலுகை போய்விடும். அதனால் ஆசையை அடக்கி சீட்டையும் ஹேண்டில்பாரையும் மட்டும் மாற்றினேன். டேங்கில் நம் ஊர்ச் சாமி பேரில் ‘பூமிநாதர் துணை’ என்று எழுதிவிட்டேன். இது இன்சூரன்ஸ் கம்பெனி பெயரா என்று தாத்தா கேட்டார். ஆமாம் என்றேன்.

அருப்புக்கோட்டையில் நம் மெக்கானிக்கிடம் கேட்டு ஒரு பாயிண்ட் செட்டும் கிளட்ச் கேபிளும் வாங்கி அனுப்புங்கள். இங்கே விலை கேட்டால் கிக்கர் உதைத்ததே தேவலை. பார்சலில் இடமிருந்தால் சாத்தூர் காராச்சேவு வைக்கவும். கேபிளில் கிரீஸ் இருக்கும். தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்