தலைக்கு 25,000

மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்பார்கள். கி.பி. 193-ஆம் ஆண்டு ரோமாபுரியில் அப்படித்தான் பிறந்தது. மாமன், மாமனார், மகாராஜா என்று ஒருத்தருக்கும் ஆகவில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து பேர் சிம்மாசனத்துக்கு உரிமை கொண்டாடினார்கள். அதில் ஒருவர் ரொக்கம் பேசி வாங்கியவர்.

கூத்து முந்தின நாள் ராத்திரியே தொடங்கிவிட்டது. அப்போதைய சக்கரவர்த்தி கொம்மோடஸுக்குத் தான் ஹெர்குலிஸ் என்று நினைப்பு. சிங்கத் தோல், கையில் கதை, இத்யாதி. வருடத்தின் பன்னிரண்டு மாதங்களுக்கும் தன் பெயர்களையும் பட்டங்களையுமே சூட்டியவர். களத்தில் இறங்கிச் சண்டை போடுவார். ஒரு நாள் ஆட்டத்துக்குச் சம்பளம் 10 லட்சம் செஸ்டர்ஸ், அதுவும் பொதுப் பணத்திலிருந்து. எதிராளி தோற்றுக்கொடுப்பான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் தீக்கோழி ஒன்றின் தலையைச் சீவி, அதை ஒரு கையிலும் ரத்தம் சொட்டும் வாளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு செனட்டர்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, 'அடுத்தது நீங்கள்தான்' என்கிற பாவனையில் தலையை ஆட்டினார். பயம் வரவேண்டிய இடத்தில் செனட்டர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் உயிர் போகும். அங்கே உட்கார்ந்திருந்த செனட்டர் காசியஸ் டியோ, தலையில் வைத்திருந்த மாலையிலிருந்து வாகை இலைகளைப் பிய்த்து வாயில் போட்டு மென்று சிரிப்பை அடக்கினார். பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். இதை அவரே பிற்பாடு சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார். மேன்மை தாங்கிய சபையினர் அசைபோட்டுக்கொண்டிருந்த அந்தக் காட்சிக்காகவே டியோவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

புத்தாண்டன்று களவீரர் கோலத்தில் ஊர்வலம் போய்ப் பதவியேற்பேன் என்று கொம்மோடஸ் அடம்பிடித்தார். ஆசைநாயகி மார்சியா, அந்தப்புர அதிகாரி எக்லெக்டஸ், காவல்படைத் தலைவன் லாயிட்டஸ் மூவரும் கூடிப் பேசினார்கள். விஷம் வைத்தார்கள்; மனிதர் வாந்தி எடுத்துத் தொலைத்தார். உடனே நார்சிசஸ் என்ற மல்லனை அனுப்பிக் கழுத்தை நெரித்தார்கள். ஹெர்குலிஸ் குளியலறையில் காலமானார்.

அடுத்து சிம்மாசனத்தில் உட்காரவைக்க, நடுநிசியில் போய் பெர்டினாக்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தன்னைக் கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்ததில் தப்பில்லை, மூன்று மாதம் முன்கூட்டி நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அறுபத்தாறு வயது. அப்பா விடுதலை பெற்ற அடிமை. வாத்தியார் வேலை பார்த்து, அந்த வருமானம் கட்டுப்படியாகாமல் பட்டாளத்தில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். கஜானாவைத் திறந்து பார்த்தால் மிச்சம் இருந்தது 10 லட்சம் செஸ்டர்ஸ். கொம்மோடஸின் ஒருநாள் கூலி! வாத்தியார் கணக்கு போட்டார். செத்தவரின் பட்டுத் துணிகள், சண்டைக் கவசங்கள், ஓடிய தூரத்தைத் தானே அளந்து காட்டும் வண்டிகள் எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார். வீட்டில் விருந்து என்றால் ஆளுக்குப் பாதி கீரைத்தண்டு. அரண்மனைக் காவலுக்கு இருந்த பிரிட்டோரியன் படைக்குத் தலைக்கு 12,000 பேசியிருந்தார், அதையும் கொடுத்தார். ஆனால் கூடவே ஒழுக்கம், கட்டுப்பாடு என்றும் பேசினார். பணத்தை வாங்கிக்கொண்ட காவலர்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

மார்ச் 28-ஆம் தேதி இருநூறு பேர் உருவிய வாளோடு உள்ளே வந்தார்கள். கதவைச் சாத்தியிருக்கலாம், ஓடி ஒளிந்திருக்கலாம். இவரோ எதிரே போய் நின்று புத்திமதி சொன்னார். பையன்களும் ஒரு நிமிஷம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்கள், வாளைக்கூட உறையில் போட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் மட்டும் பாய்ந்து வந்து குத்தினான். மற்றவர்களுக்கும் உடனே தைரியம் வந்துவிட்டது. ஆட்சி மொத்தம் 87 நாள்.

இனிமேல்தான் அந்த ஏலம். உலக சரித்திரத்தில் லஞ்சத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் மறைவில் நடப்பதுதான் மரபு. இங்கே படை முகாமின் மதில் மேல் நின்று வெளிச்சத்தில் சிம்மாசனத்தைக் கூவி விற்றார்கள். முகாமுக்குள்ளே பெர்டினாக்ஸின் மாமனார் சல்பிசியானஸ் இருந்தார். படையைச் சமாதானம் செய்ய மருமகன் அனுப்பிய மனிதர்; மருமகன் செத்த சேதி வந்ததும், வந்த காரியத்தை விட்டுவிட்டு விலை பேச ஆரம்பித்தார். உடம்பு ஆறுவதற்குள்! வெளியே டிடியஸ் ஜூலியானஸ். பெரும் பணக்காரர். மனைவியும் மகளும்தான் நச்சரித்து அனுப்பினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எல்லாப் பழியையும் வீட்டுப் பெண்கள் தலையில் கட்டும் வழக்கம் அன்றைக்கும் இருந்தது என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

சிப்பாய்கள் உள்ளுக்கும் வெளிக்குமாக ஓடினார்கள். "அவர் இவ்வளவு தருகிறாராம், நீங்கள் எவ்வளவு?" கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மாமனார் தலைக்கு 20,000-த்தில் வந்து நின்றார். ஜூலியானஸ் ஆயிரம் இரண்டாயிரம் என்று இழுக்கவில்லை. ஒரே தாவாக 5,000 ஏற்றி, 25,000 என்று தொண்டை கிழியக் கத்தி, விரல்களை விரித்தும் காட்டினார். மாமனாரை உட்காரவைத்தால் நாளைக்கே மருமகன் கொலைக்குப் பழிவாங்குவார் என்று ஒரு கொக்கியும் போட்டார். முடிந்தது கதை. ஏணியை இறக்கி அவரை மேலே ஏற்றிக்கொண்டார்கள். எல்லையில் குளிரிலும் சேற்றிலும் நின்ற சாதாரணப் படைவீரனின் வருடச் சம்பளம் அப்போது 1,200 செஸ்டர்ஸ். அவன் இருபது வருஷம் ரத்தம் சிந்தினாலும் பார்க்க முடியாத காசை, தலைநகரத்துக் காவலாளி ஒரே சாயங்காலத்தில் பேசி முடித்துவிட்டான். இந்தச் சேதி எல்லைக்குப் போய்ச் சேராமலா இருக்கும்?

செனட் கூடியது. டியோவும் மற்றவர்களும் குளித்து, சாப்பிட்டு, முகத்தில் கலவரம் தெரியாமல் போய் உட்கார்ந்தார்கள். வீட்டில் பதுங்கினால் சந்தேகம் வரும். உங்களுக்கு ஒரு தலைவர் தேவைப்படுகிறார், என்னைவிடத் தகுதியானவர் யார் என்று ஜூலியானஸ் கேட்டார். சுற்றிலும் ஆயுதங்கள் நிற்க, யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அன்றிரவு அரண்மனையில் பெர்டினாக்ஸுக்காகச் சமைத்த எளிய சாப்பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஊரெல்லாம் தேடி விலையுயர்ந்த பண்டங்களை வரவழைத்துத் தின்றார் என்கிறார் டியோ. புரளிக்குப் பேர்போன ‘ஹிஸ்டோரியா அகஸ்டா’ என்ற இன்னொரு நூலோ, பாவம் அவர் சிக்கனக்காரர், காய்கறியோடு நிறுத்திக்கொள்வார் என்கிறது.

மறுநாள் வீதியில் ஜனங்கள் சூழ்ந்துகொண்டு ராஜ்யத்தைத் திருடியவனே என்று ஏசினார்கள், கல் விட்டெறிந்தார்கள். தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை ஜூலியானஸ் எடுத்தார்: உங்களுக்கும் பட்டுவாடா உண்டு என்றார். வேண்டாம், வாங்கமாட்டோம் என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது. இந்த வருடத்தில் காசு வேண்டாம் என்று சொன்ன ஒரே கூட்டம் அதுதான். தேரோட்டக் களத்தில் புகுந்து ராத்திரி முழுக்கச் சோறு தண்ணியில்லாமல் கிடந்து, சிரியாவிலிருந்த தளபதி நைஜரை வா வா என்று கூப்பிட்டார்கள்.

நைஜர் அந்தியோகியாவில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளம்பியவர் வேறொருவர்: டான்யூப் கரையில் படை வைத்திருந்த செப்டிமியஸ் செவரஸ், லிபியா பக்கத்து லெப்டிஸ் மாக்னாக்காரர். ஏப்ரல் 9-இல் தன் படையிடம் சக்கரவர்த்திப் பட்டம் வாங்கிக்கொண்டார். பிரிட்டனில் இருந்த அல்பினஸ் முதுகில் குத்தாமல் இருக்க அவருக்கு இளவரசுப் பட்டம் ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, ராப்பகலாக ரோமை நோக்கி நடந்தார். ஜூலியானஸ் யுத்தத்துக்குத் தயாரான அழகைப் பார்த்து டியோ கோஷ்டி மறுபடியும் சிரிப்பை அடக்கவேண்டி வந்தது. கப்பற்படை ஆட்களுக்குத் தரையில் கவாத்து வரவில்லை. யானைகள் முதுகில் கோபுரம் கட்டினார்கள். யானைகள் கோபுரத்தோடு பாகனையும் சேர்த்துத் தள்ளிவிட்டன. பெர்டினாக்ஸ் செத்தது கதவைப் பூட்டாததால்தான் என்று முடிவுகட்டி, அரண்மனைக்குப் பலமான கதவும் கம்பிகளும் போட்டார் சக்கரவர்த்தி. ஜூன் முதல் தேதி செனட் மரண தண்டனை விதித்தது. அந்தக் கதவுகளுக்கு உள்ளேயே ஒரு சிப்பாய் அவரைக் கொன்றான். நான் யாரைக் கொன்றேன், என்ன தப்பு செய்தேன் என்று புலம்பினாராம். 66 நாள்.

  

செவரஸ் ஊருக்குள் நுழையுமுன் பிரிட்டோரியன் படைக்குச் சொல்லி அனுப்பினார்: ஆயுதம் வேண்டாம், விழா உடையில் வாருங்கள். புது முதலாளி, புது பட்டுவாடா என்று பளபளவென்று வந்தார்கள். சுற்றி டான்யூப் படை ஈட்டியோடு வளைத்துக்கொண்டது. சக்கரவர்த்தியைக் கொன்று ராஜ்யத்தை விற்ற பயல்களே என்று திட்டித் தீர்த்து, இடுப்புக் கச்சையையும் குறுவாளையும் உருவிக்கொண்டு, ரோமிலிருந்து 100 மைலுக்குள் தலைகாட்டக் கூடாது என்று துரத்தினார். குதிரைகளையும் விட்டுவிடவேண்டும். ஒரு குதிரை மட்டும் கனைத்துக்கொண்டே எஜமானின் பின்னால் போனது. அவன் அதையும் கொன்று தானும் செத்தான். அவர்களுக்கு அந்த 25,000 வந்ததா? காசு இல்லாமல் ஜூலியானஸ் கைவிரித்தார் என்கிறார் ஹெரோடியன் என்ற இன்னொரு சரித்திர ஆசிரியர். ‘ஹிஸ்டோரியா அகஸ்டா’வோ 30,000 கொடுத்தார் என்கிறது. ஏலச்சீட்டுக் கணக்கு இன்றுவரை நேராகவில்லை.

அடுத்து, பெர்டினாக்ஸுக்கு மெழுகில் பொம்மை செய்து சக்கரவர்த்தி மரியாதையோடு ஈமச்சடங்கு. தூங்குகிறவர் முகத்தில் ஈ உட்காராமல் பார்ப்பதுபோல் ஓர் அழகான பையன் நின்று அந்தப் பொம்மைக்கு மயிற்பீலியால் விசிறினான். இதே நாட்களில் செவரஸின் சொந்தச் சிப்பாய்கள் செனட் வாசலில் நின்று தலைக்கு 10,000 கேட்டுக் கத்தினார்கள். ஆயிரத்தில் பேசி முடித்தார்.

நைஜரை 194-லும், இளவரசுப் பட்டத்தை நம்பிய அல்பினஸை 197-லும் ஒழித்தார். ஏலத்தில் தோற்ற மாமனாருக்கும் அதே 197-இல் மரண தண்டனை. சிப்பாய் சம்பளத்தை ஏற்றினார். 211-இல் யார்க் நகரில் நோயில் படுத்து இறந்தார். இரண்டு மகன்களையும் அழைத்து, ஒற்றுமையாக இருங்கள், படைக்குக் காசை அள்ளிக் கொடுங்கள், மற்றவன் எவனையும் சட்டை செய்யாதீர்கள் என்று சொன்னாராம். மூத்தவன் காரகல்லா முதல் பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் தம்பியைத் தாயின் அணைப்பிலேயே வெட்டவைத்தான். பிறகு நேரே படை முகாமுக்கு ஓடி, எல்லாருக்கும் பணம் தருவதாக வாக்குக் கொடுத்தான்.