சத்தம் எங்கே, சங்கதி எங்கே?

கே: ரோடு பைக் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. மிதித்தால் காலடியில் 'டக் டக்' என்கிறது. பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் அச்சைத் தாங்கும் பேரிங்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா? (பள்ளி ஆசிரியர், அருப்புக்கோட்டை)

ப: பொறுங்கள். முதலில் எண்ணுங்கள், பிறகு மாற்றலாம்.

காலடியில் கேட்பதெல்லாம் காலடியில் பிறந்த சத்தம் அல்ல. ஃபிரேம் உள்ளே வெற்றுக் குழாய். தண்ணீர்க் குழாயை மாடியில் தட்டினால் கீழ்வீட்டில் கேட்பது போல, சீட் கம்பியின் முனகலும் பின்சக்கரத்தின் முனகலும் பெடல் பக்கம் வந்துதான் பேசும். அதை நம்பி நல்ல பி.பி.யைக் கழற்றி எறிந்தவர்கள் நிறைய.

விடியற்காலையில் திருச்சுழி ரோட்டுக்குப் போங்கள். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை வேண்டாம், லாரி இரைச்சலில் எதுவும் கேட்காது. கொஞ்சம் வேகம் எடுத்து மிதிப்பதை நிறுத்துங்கள். சத்தம் தொடர்ந்தால் சக்கரம். நின்றால் பெடல், கிராங்க், செயின், சீட் கம்பி இவற்றில் ஒன்று. அடுத்து, சீட்டைவிட்டு எழுந்து மிதியுங்கள். அப்போது மட்டும் சத்தம் போனால் சீட் கம்பியைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள் (கார்பன் கம்பி என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பசை உண்டு).

இனி எண்ணிக்கை. பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்' என்றால் முதல் சந்தேகம் பெடல் மேல். இரண்டையும் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் வைத்து இறுக்குங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். அதிலும் தீரவில்லையா? செயின்வீல் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். பி.பி.யின் முறை அதற்கும் பிறகுதான்.

இரண்டு சுற்று தாண்டி ஒரு 'டக்' என்றால் செயினில் ஒரு கண்ணி மடங்காமல் இறுகிக் கிடக்கிறது. கணக்கு எளிது: செயினில் 108 கண்ணி, செயின்வீலில் 50 பல் என்றால், அந்தக் கண்ணி மறுபடி அதே இடத்துக்கு வர இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் ஆகும். 34 பல் உள்ள சின்ன செயின்வீலுக்கு மாற்றிப் பாருங்கள். மூன்று சுற்றுக்கு மேல் ஆனால் குற்றவாளி அந்தக் கண்ணிதான். கையால் பக்கவாட்டில் அசைத்து அசைத்தே அதை இளக்கிவிடலாம். செலவு இல்லை.

கே: தினமும் செயினுக்கு ஆயில் விடுகிறேன். இருந்தும் 'கரகர'. ஏன்? (பந்தல்குடி வாசகர்)

ப: தினமும் விடுவதால்தான். உங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் தூசியும் கரிசல் புழுதியும் ஆயிலில் குழைந்து பல்லைத் தேய்க்கும் பசையாகிவிடுகின்றன. ஆயில் வேலை செய்யும் இடம் கண்ணியின் உள்ளே. வெளியே மினுங்குவது தூசிக்கு விருந்து. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள். சிறிது நேரம் சுற்றிவிட்டு, பழைய துணியால் வெளிப்புறத்தை வறண்டுபோகும் வரை துடையுங்கள். நம் வறண்ட பூமியில் ஆயில் கேனைவிட துடைக்கும் துணிக்குத்தான் அதிக வேலை இருக்க வேண்டும்.

கே: நல்லெண்ணெய் விடலாமா?

ப: இட்லிப் பொடிக்கு விடுங்கள். செயினில் நாளடைவில் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் மேல்.

கே: மிதிக்காவிட்டாலும் 'டிக் டிக்'. வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது. (திருச்சுழி வாசகர்)

ப: ரோடு பைக் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 2.1 மீட்டர் போகும். சுற்றுக்கு ஒரு 'டிக்' என்றால் டயரைத் தடவிப் பாருங்கள். குண்டாற்றங்கரை முழுக்கச் சீமைக்கருவேலம். முறிந்த முள் ஒன்று தார் ரோட்டைத் தட்டிக்கொண்டிருக்கலாம். பஞ்சர் ஒட்டும் சாமான் கையில் இல்லாமல் பிடுங்காதீர்கள். முள் இல்லையென்றால் வால்வு நட்டு, அடுத்து ஸ்போக்ஸ் கம்பிகள்.

கே: செயினை எப்போது மாற்றுவது?

ப: 24 கண்ணி புதிதில் சரியாக 12 அங்குலம். ஸ்கேல் வைத்து அளந்து, 1/16 அங்குலம், அதாவது ஒரு வீசம், கூடியிருந்தால் மாற்றுங்கள். 1/8 கூடும் வரை ஓட்டினால் பின்பல்லும் கூடவே போகும். செலவு பல மடங்கு.

கே: இதெல்லாம் விலை கூடின சைக்கிளுக்குத்தானா? எனக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் 'கடகட' என்கிறதே? (பிளஸ் ஒன் மாணவி, நரிக்குடி)

ப: உங்கள் செயினுக்கும் கண்ணி அரை அங்குலம்தான் தங்கையே, கணக்கு ஒன்றுதான். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த திட்டத்தின் சைக்கிள் அது. பள்ளிக்குப் போய்ச் சேர அதை நம்பும் பிள்ளைக்குப் பழுது என்பது ஒரு நாள் வகுப்பு. செயின் தளர்ந்து கவரில் அடிக்கிறது என்று நினைக்கிறேன். பின்சக்கர நட்டு இரண்டையும் இளக்கி, சக்கரத்தை நேராகப் பின்னுக்கு இழுத்து இறுக்குங்கள். செயின் நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும். அதற்கு மேல் இறுக்கினாலும் கெடுதல்.

கே: எந்தச் சத்தம் கேட்டால் உடனே இறங்க வேண்டும்?

ப: இரண்டு. இடது கிராங்க் ஆடி எழும் 'டொக்': அப்படியே மிதித்தால் கிராங்கின் துளை தேய்ந்து, இறுக்கினாலும் நிற்காது. மேட்டுக்கான கடைசி கியரில் ஸ்போக்ஸ் கம்பியில் உரசும் 'டர்ர்': பின் கியரைத் தாங்கும் தகடு வளைந்திருக்கிறது. கியர் கம்பிக்குள் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும், நீங்கள் தரையில். தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.

கடைக்காரரிடம் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். மிதிக்கும்போதா, எத்தனை சுற்றுக்கு ஒன்று, உட்கார்ந்தா எழுந்தா என்று எழுதிக்கொண்டு போங்கள்.