குறை சொல்லவும் பக்குவம் வேணும், மாப்ளே

மாப்ளே, நீ ரொம்ப நாளா ஒரே பாட்டைப் பாடிக்கிட்டு அலையுதே. "சூப்பர் மாரியோ 64-ஐக் கையடக்கமா மாத்துறோம்னு கெடுத்துட்டாங்க மாமா, ஸ்டிக்கைப் புடுங்கிட்டாங்க மாமா." சரி, குறை சொல்லு. வேண்டாம்னு யாரு சொன்னா? உங்க வம்சத்துக்கே அது கைவந்த வித்தைதானே. எங்க மச்சான், அதான் உங்கப்பா, கல்யாண வீட்டுல வயிறாரச் சாப்பிட்டு, ஏப்பமும் விட்டுட்டுத்தான் ரசத்துல உப்பு கம்மின்னு சொல்லுவாரு. ஆனா ஒண்ணு, அவரு சொன்னா உப்பு கம்மியாத்தான் இருக்கும். நீ சொல்லுத குறை மட்டும் இலையை விட்டுட்டுப் பக்கத்து இலையில விழுது. அதைத்தான் திருத்தலாம்னு பாக்கேன்.

வேட்டி கட்டின ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. எனக்கும் கட்டைவிரல் ரெண்டு இருக்கு. அறுப்பு முடிஞ்சா பொழுதும் நெறையக் கெடக்கு.

கதையை முதல்ல இருந்து கேளு. 1996 ஜூன் மாசம் ஜப்பான்ல நின்டெண்டோ 64 பெட்டி வந்த அன்னைக்கே கூட வந்த கேம் சூப்பர் மாரியோ 64. அதுவரை பக்கவாட்டுலயே ஓடிப் பழகின பய, இப்ப முன்னபின்ன வளைஞ்சு திரும்பி ஓட ஆரம்பிச்சான். மாரியோவை உருவாக்கின ஷிகெரு மியாமோட்டோவும் அவரு ஆட்களும் எடுத்த உடனே மலை, கோட்டைன்னு கட்டிடல. மாரியோவை ஓடவிட்டாங்க. முன்னால ஒரு முயலை விட்டு, அதை விரட்டிப் புடிக்கதே சுகமா இருக்கான்னு பாத்தாங்க. அந்த முயலுக்கு மிப்ஸ்னு பேரு. பெட்டிக்குள்ள இருந்த சிப்போட குலப்பேரையே அதுக்கும் வச்சுட்டாங்க. ஓட்டம் சுகமா அமைஞ்ச பிறகுதான் மத்ததெல்லாம். கையும் ஸ்டிக்கும் ஆட்டமும் சேர்ந்தே பொறந்ததுக இதுக.

எட்டு வருசம் கழிச்சு, 2004 கடைசியில, நின்டெண்டோவோட டிஎஸ் பெட்டி வந்தது. ரெண்டு ஸ்கிரீன், கீழ இருக்கது தொடுதிரை, மடக்கிப் பையில போட்டுக்கலாம். முதல் நாளே அதோட கடைக்கு வந்தது சூப்பர் மாரியோ 64 டிஎஸ். அதே கோட்டை, சுவத்துல அதே ஓவியங்க, ஓவியத்துக்குள்ள குதிச்சா அதே உலகங்க, கடைசியில அதே வில்லன் பவுசர். ஆனா கையில ஸ்டிக் கெடையாது. எட்டுத் திசைக்கும் ஒரு சிலுவைப் பட்டன். ஓடணும்னா ஒய் பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கணும்.

இங்கதான் நீ வாயைத் தொறக்கே. தொறந்தது சரிதான், அதுல நியாயம் இருக்கு. பழைய கேம்ல வாம்ப் கோட்டைங்கிற லெவல்ல ஒரு பிரானா செடி தூங்குமே, நெனப்பிருக்கா? பக்கத்துல போனாத் தாலாட்டு இசை கேக்கும். ஸ்டிக்கை நுனிவிரலால லேசாச் சாய்ச்சா மாரியோ அடி மேல அடி வச்சு, மூச்சுவிடாமப் போவான். கொஞ்சம் கூடுதலாச் சாய்ச்சிட்டியோ, செடி முழிச்சிடும். பூனைநடை, நடை, ஓட்டம் எல்லாம் ஒரே ஸ்டிக்குல, உன் விரலோட அழுத்தத்துல இருந்துச்சு. சிலுவைப் பட்டன்ல அழுத்தத்துக்கு மதிப்பே கெடையாது. அமுக்கினா நடை, ஒய்யோட சேர்த்து அமுக்கினா ஓட்டம். நடுவுல இருந்த அத்தனை சுருதியும் போச்சு. வளைஞ்ச பாலத்துல போனா எட்டுத் திசையில ஒண்ணுலதான் கால் வைக்கணும். பாலம் ஒம்பதாவது திசையில வளைஞ்சா, நீ கீழ.

ஆனா மாப்ளே, நீ ஒரு விசயத்தை மறைக்கே. அந்த டிஎஸ் பெட்டியோடயே ஒரு கைவார் குடுத்திருந்தான். அதோட நுனியில கட்டைவிரலுக்கு மாட்டுத மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் குமிழ். அதைப் போட்டுத் தொடுதிரையில தேய்ச்சா, லேசா நகத்தினா நடை, தள்ளி நகத்தினா ஓட்டம், எந்தக் கோணத்துலயும் திரும்பலாம். ஸ்டிக்குல இருந்த சங்கதி பாதிக்கு மேல அங்க திரும்பி வந்துடும். நீ அந்த வாரை எங்க போட்ட? பெட்டிக்குள்ளயே கெடந்து மக்கிப்போச்சு. பழக ரெண்டு நாள் ஆகும்னு மலைச்சுட்டு, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா வந்து நிக்கே. அப்புறம் 3டிஎஸ் வந்ததும் அதுல வட்டமா ஒரு ஸ்டிக் இருக்கதைப் பாத்துத் துள்ளுன. பழைய கேசட்டை அதுல போட்டுப் பாத்தியே, என்ன ஆச்சு? வட்டமாச் சுத்தினாலும் மாரியோ அந்த எட்டுத் திசையிலதான் போனான். அந்த வட்ட ஸ்டிக்கையும் கேம் சிலுவைப் பட்டனாத்தான் எடுத்துக்கும். புது ஸ்டிக்கு பழைய கேசட்டுக்குப் பாடம் எடுக்க முடியுமா?

ஆக, ஸ்டிக்கைப் பத்தின குறை வெறும் கைக்குறை. பழகினாப் பாதி போகும். இப்ப நீ சொல்ல மறந்த பெரிய குறையை நான் எடுத்துத் தாரேன், வாங்கிக்கோ. அது பாகப்பிரிவினை.

பழைய கேம்ல மாரியோ ஒத்தைக்கு ஒத்தை ஆளு. சொத்து பூராவும் அவன் பேருல. மூணு இடத்துல இருக்க சுவிட்சை மிதிச்சிட்டா மூணு தொப்பி: ஒண்ணுல இறக்கை முளைச்சுப் பறப்பான், ஒண்ணுல இரும்பாகித் தண்ணிக்கடியில நடப்பான், ஒண்ணுல நிழலாகிக் கம்பி வலைக்குள்ள நுழைஞ்சு போவான். மூணு தடவை தொடர்ந்து தாவுதது, சுவத்துல மோதி எதிர்ச்சுவருக்கு எகிறுதது, ஆளைத் தூக்கி எறியுதது எல்லாம் அவனே. டிஎஸ்ஸுல அந்தச் சொத்தை நாலாப் பிரிச்சுட்டாங்க. சுவர்ல எகிறுத வித்தையும் பறக்கதும் மாரியோ பங்கு. நிழலா மறையுதது தம்பி லூயிஜிக்கு. உசரத் தாவுததும், தண்ணி மேல கொஞ்ச நேரம் குடுகுடுன்னு ஓடுததும் அவனுக்கே. இரும்பாகுதது வாரியோவுக்கு, கருங்கல் கணக்கா இருக்க கட்டிய ஒடைக்கதும் அவன்தான், ஆனா குதிக்கச் சொன்னா மூச்சு வாங்குவான். நாலாவது பங்காளி யோஷி. அவனுக்குக் குத்தத் தெரியாது. நாக்கை நீட்டி எதிராளியை முழுங்கி முட்டையாக்கி எறிவான். குதிச்சாக் காத்துல காலை உதறி இன்னும் கொஞ்சம் மேல போவான்.

இதுல கிண்டல் என்னன்னா, பழைய கேம்ல யோஷி யாரு? 120 நட்சத்திரமும் எடுத்து முடிச்சிட்டு, பீரங்கியில ஏறிக் கோட்டைக் கூரைக்குப் பறந்து போனா, அங்க சும்மா நின்னுக்கிட்டு இருப்பான். வாழ்த்துச் சொல்லி 100 உசிரைக் குடுத்துட்டு அந்தாக்ல குதிச்சுப் போயிடுவான். எல்லாம் முடிஞ்ச பிறகு 100 உசிர வச்சு என்ன செய்ய? பாயாசம் வேண்டாம்னவனுக்கு ஒரு குடம். அந்தக் கூரைக்காரனைத்தான் டிஎஸ்ஸுல முதல் ஆளாக்கிட்டாங்க. மாரியோ, லூயிஜி, வாரியோ மூணு பேரும் கோட்டைக்குள்ள போய் மாட்டிக்கிடுதாங்க. கூரையில தூங்கிக்கிட்டிருந்த யோஷியை லகிட்டுன்னு ஒருத்தன் வந்து எழுப்புதான். இனி அவன் முயலை விரட்டிச் சாவி வாங்கி, கதவைத் தொறந்து, ஒவ்வொருத்தனையா மீட்கணும். மாரியோ பேருல கேம் வாங்கின பிள்ளைக்கு, மாரியோவைப் பாக்கவே பாதி வேலை செய்ய வேண்டியிருக்கு.

பாப்-ஆம் ராசாவைப் பாரு. பழைய கேம்ல மலை உச்சியில நிப்பான், மீசை வச்ச வெடிகுண்டு. பின்பக்கமா ஓடிப்போய்த் தூக்கித் தரையில போடணும், மூணு தடவை. மலைக்கு வெளிய எறிஞ்சேன்னா திரும்பக் குதிச்சு வந்து, இது முறையில்லன்னு ஞாயம் பேசுவான். டிஎஸ்ஸுல முதல்ல அவன்கிட்டப் போறது யோஷி. தூக்க முடியாது. அவன் வீசுத குண்டை முழுங்கி அவன் மேலயே துப்பணும். அதே மலை, அதே ராசா, ஆனா கையில வேற வேலை. இதை மாத்தம்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். இதுதான் உண்மையான மாத்தம்.

பிரிவினையோட வலி எங்கன்னா, அலைச்சல்ல. ஒரு லெவலுக்குள்ள யோஷியாப் போறே. கருங்கட்டி ஒண்ணு நிக்கு, வாரியோ வேணும். வாரியோவோட தொப்பி எங்கயோ ஒரு எதிராளி தலையில இருக்கு. அவனைத் தேடி அடிச்சுத் தொப்பியை எடுத்து மாட்டினா நீ வாரியோ. திரும்பி வரும்போது ஒருத்தன் தட்டிவிட்டான், தொப்பி கழண்டு விழுந்துச்சு, நீ மறுபடி யோஷி. இல்லையா, கோட்டைக்குத் திரும்பிப் போய்க் கதவு மாறி ஆளை மாத்திக்கிட்டு வா. முன்ன ஒரு தடங்கல் வந்தா, "எப்படித் தாவலாம்?"னு யோசிப்போம். இப்ப, "யாரைக் கூட்டிட்டு வரணும்?"னு யோசிக்கோம். தாவுத கேமு, ஆளனுப்புத கேமாப் போச்சு. மாப்ளே, இந்தக் குறையை எடுத்துச் சொல்லு. நாலு பேரு காது குடுப்பான்.

அதே வாயால லாபத்தையும் சொல்லணும். ஒரே ஆளு எல்லாம் செய்வான்னா, எட்டு வருசமா மனப்பாடம் பண்ணின கோட்டைக்குள்ள உனக்கு எந்தப் பூட்டும் மிச்சமில்ல. கண்ணை மூடிக்கிட்டே முடிச்சிருப்பே. பிரிச்சுக் குடுத்ததாலதான் பழைய சுவருக்குப் புதுப் பூட்டு வந்துச்சு. கண்ணாடி அறைக்குள்ள லூயிஜி நிழலாகிக் கண்ணாடிக்குள்ளயே நுழைஞ்சு போறதெல்லாம் முன்ன நெனைச்சாவது பாத்தோமா? நட்சத்திரமும் 120-ல இருந்து 150 ஆச்சு. பவுசரோட கடைசிக் கதவுக்கு 70 போதும்னு இருந்தது 80 ஆச்சு. அந்த லூயிஜி விசயத்துலயும் பாரு: பழைய கேம் வந்த காலத்துல, முற்றத்துச் சிலைக்குக் கீழ இருக்க மங்கின எழுத்தை முறைச்சு முறைச்சுப் பாத்து, லூயிஜி உள்ள ஒளிஞ்சிருக்கான்னு உலகம் பூரா பிள்ளைங்க தேடி அலைஞ்சுச்சு. கெடைக்கல. டிஎஸ்ஸுல நெசமாவே குடுத்தாங்க, அதுவும் பேய்ராசா கையில இருந்து மீட்டுக்கோன்னு. கேட்டதைக் குடுத்தாலும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?

முயல் கதையையும் முடிச்சிடுதேன். முன்ன கோட்டையடியில ஓடினது மிப்ஸ் ஒத்தை முயல். இப்ப கூட்டமா விட்டிருக்கான், ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு நிறத்துல. புடிச்சாச் சாவி, சாவிக்குள்ள குட்டி ஆட்டம், மொத்தம் 36. தொடுதிரையில தேய்க்கது, சீட்டு சேர்க்கது, கூட்டத்துல மூஞ்சியைத் தேடுதது. பஸ்சுக்கு நிக்கையில ஆடலாம். மாரியோவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஒண்ணுமில்ல. ஆனா உங்க அத்தை மாரியோவை விட்டுட்டு அதைத்தான் ஆடுதா. அவகிட்ட மட்டும் போய்க் குறை சொல்லிடாத.

இன்னொரு கூட்டம் இருக்கு, கள்ளவழிக்காரங்க. பழைய கேம்ல முடிவில்லாத படிக்கட்டுல முதுகு காட்டி நெடுந்தாவல் தாவிக்கிட்டே இருந்தா வேகம் ஏறி ஏறி, 70 நட்சத்திரம் சேராமலே பவுசரோட கடைசிக் கதவுக்குப் போயிடலாம். அந்தப் பின்தாவலை டிஎஸ்காரன் அடைச்சுட்டான்னு அழுவாங்க. அட, ஜப்பான்ல 1997-ல மறுபடி வெளியிட்ட பழைய கேசட்டுலயே அதை அடைச்சாச்சு. பழி யாரு மேலன்னு பாத்துப் போடணும்.

அப்ப எது பெருசுங்கியா? 2020-ல ஸ்விட்ச் பெட்டிக்காக நின்டெண்டோகாரனே மூணு மாரியோ கேமை ஒரு கட்டாக் கட்டி வித்தான். அதுல வச்சது 64-ஐத்தான், டிஎஸ்ஸை இல்ல. இதைப் பிடிச்சுக்கிட்டு ஜெயிச்சுட்டேன்னு குதிக்காத. ஸ்டிக் இருக்க பெட்டிக்கு ஸ்டிக்கோட பொறந்த கேம், அவ்வளவுதான் கணக்கு. இல்லாத பெட்டிக்கு என்ன செய்யலாம்னு யோசிச்சதுதான் டிஎஸ். ஒண்ணை வச்சு இன்னொண்ணை அளக்காத. யோஷியாத் தொடங்கு, குமிழை விரல்ல மாட்டு, யாரைக் கூட்டிட்டு வரணும்னு யோசிக்கதையே ஆட்டமா எடுத்துக்கோ. சுவர்ல எகிறணும்னு கை துடிச்சா, பழைய பெட்டியத் தூசி தட்டு.

கடைசியா ஒரு யோசனை. இந்த டிஎஸ் கேம்ல கம்பியில்லாம நாலு பேரு சேர்ந்து ஆடலாம், கேசட் ஒண்ணு போதும். அங்க பாகப்பிரிவினையே கெடையாது. எல்லாரும் யோஷிதான், நிறம் மட்டும் வேற. தொப்பி நடுவுல கெடக்கும், எடுத்தவன் வச்சுக்கோ, தட்டினவன் புடுங்கிக்கோ. ஒத்தையில அலைச்சலா இருந்த தொப்பி, நாலு பேரு கூடினா அடிதடியா மாறிடும். அதுதான் கேமு! நான் வாரேன், அத்தையும் வருவா, உங்கப்பனையும் கூப்பிடு. பெட்டி ஆளுக்கு ஒண்ணு வேணும், அதை அவனவன் பாத்துக்கிடுவான். கேசட் மட்டும் நீ வாங்கு.