பொருளாளரின் பென்டியம் ஃபோர்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு யாரும் போட்டி போடுவதில்லை. ஆண்டுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கம். நான் எல்லாக் கூட்டத்துக்கும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தும் வருஷா வருஷம் பொருளாளராகவே தேர்ந்தெடுக்கப்படுகிறேன். என் நேர்மையோ கணக்கறிவோ இதற்குக் காரணமென்று என் அம்மாகூடச் சொல்லமாட்டாள். மெயின்டனன்ஸ் பில் அடிக்கும் புரோகிராம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் ஓடாது. அந்தக் கம்ப்யூட்டர் என்னைத் தவிர வேறு யார் தொட்டாலும் ஓடாது. அவ்வளவுதான் விஷயம்.

புரோகிராமை எழுதிய மகானும் நானே. தொண்ணூறுகளில் தெருமுனைக்குத் தெருமுனை கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்த காலத்தில், ஆபீஸ் விட்டதும் நேரே போய், செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, ஏ.சி. அறைக்குள் நடுங்கிக்கொண்டே ஃபாக்ஸ்ப்ரோ படித்தேன். டாஸில் ஓடுகிற டேட்டாபேஸ் அது. மருந்துக்கடை ஸ்டாக்கு, ரைஸ்மில் கணக்கு என்று அதில் எழுதிக் கொடுத்தே பிழைத்தவர்கள் உண்டு. நான் பிழைக்கவில்லை, மெயின்டனன்ஸ் பில் எழுதினேன். அதில் ஒரு ஃபீல்டின் பெயர் பத்து எழுத்துக்கு மேல் போகக்கூடாது. சுருக்கமாக வைக்கவேண்டும். வைத்தேன். புதிதாக ஃபீல்டு சேர்ப்பது சள்ளை பிடித்த வேலை என்பதால், பழையது ஏதாவது காலியாகக் கிடந்தால் அதிலேயே புதுக் கணக்கை ஏற்றிவிடுவேன். எதில் எது இருக்கிறது என்று தனியாக எழுதி வைக்கவில்லை. என் தலையில்தான் இருக்கிறதே, பிறகு எதற்குக் காகிதம்?

1999 கடைசியில் உலகமே ஒய்டூகே பயத்தில் கிடந்தபோது, ‘செட் செஞ்சுரி ஆன்’ என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். வருஷம் இரண்டு இலக்கத்துக்குப் பதில் நான்கு இலக்கமாகத் தெரிந்தது. அடுத்த கூட்டத்தில் சங்கத்தின் கணக்கைப் பேரழிவிலிருந்து காப்பாற்றியதற்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஃபாக்ஸ்ப்ரோ ஆதியிலிருந்தே தேதியை முழு வருஷத்தோடுதான் உள்ளே எழுதி வைக்கிறது என்ற தொழில்நுட்ப விவரத்தைச் சொல்லிச் சபையின் உற்சாகத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. சால்வை இப்போது கம்ப்யூட்டர் மேல் கிடக்கிறது. தூசுக்கு நல்லது.

இனி அந்தக் கம்ப்யூட்டர். பென்டியம் ஃபோர், 512 எம்பி ராம், 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. என் மகன் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைபேசியில் இதைப்போல் பதினாறு மடங்கு ராம் இருக்கிறதாம். இருக்கட்டும், அதில் என் புரோகிராம் ஓடுமா? அது 16 பிட் சரக்கு. 32 பிட் விண்டோஸ் தன் வயிற்றுக்குள் ஒரு பொம்மை டாஸை வைத்துக்கொண்டு, இந்தப் பழைய புரோகிராம்களை “எல்லாம் முன்போலவே இருக்கிறது” என்று ஏமாற்றி ஓட்டும். 64 பிட் விண்டோஸில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே எக்ஸ்பிதான் கதி. அதன் பராமரிப்பை 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள் என்று மகன் சொன்னபோது, “என்னுதை எப்பவோ நிறுத்திட்டாங்க, நான் ஓடலையா?” என்று கேட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மாதம் பிறந்தால் பில் அடிக்கவேண்டும். சுவிட்சைப் போட்டால் முதலில் ஃபேன் உறுமும். பிறகு திரையில் ஏதாவது வரும், அல்லது பீப் சத்தம் வரும். பீப்புக்கு ஒரு பாஷை உண்டு. எங்கள் போர்டில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கார்டு. நீளமாகத் திரும்பத் திரும்ப அடித்தால் ராம். ராம் என்றால் கவலையே இல்லை. கழற்றி, அதன் தங்கப்பல் வரிசையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாக அழித்து, ஊதித் திருப்பிச் செருகினால் பாதி வியாதி தீர்ந்தது. அந்தப் பற்களில் படிகிற மெல்லிய அழுக்குதான் மின்சாரத்தை மறிக்கிறது. ஒரே சிக்கல், நான் ஹாலில் பீப் எண்ணுகிற அதே நேரத்தில் உள்ளே என் மனைவி குக்கர் விசில் எண்ணுவாள். ஒருமுறை இரண்டு கணக்கும் கலந்துபோய், பருப்பு கூழாகி, நான் நன்றாக இருந்த டிஸ்ப்ளே கார்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ரப்பருக்கு மசியாத வியாதிகளும் வந்ததுண்டு. 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கவே மதர்போர்டுகளில் மட்டமான கெப்பாசிட்டர்கள் புகுந்து, தலை உப்பி, கசிந்து, வெடித்துக் கொண்டிருந்தன. எங்களுடையதும் தப்பவில்லை. போர்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பையன் உப்பியவற்றை ஒவ்வொன்றாகப் பறித்துப் புதிது வைத்துச் சூட்டுக்கோலால் பற்றவைத்தான். போர்டைக் கையில் கொடுக்கும்போது, “சார், இது நீங்க யூஸ் பண்றதா, இல்ல சும்மா வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டான். யூஸ் பண்ணுகிறேன் என்றேன். காசைக் குறைத்துக்கொண்டான்.

ஹார்ட் டிஸ்க் செத்தபோது நான் செய்த காரியம் மட்டும் உண்மையிலேயே புத்திசாலித்தனமானது; என் வாழ்க்கையில் இப்படி அடிக்கடி நேராததால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பழைய ஐடிஇ டிஸ்க் இப்போது கிடைப்பது அரிது. ஆனால் பழைய பெரிய கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு அதே ஐடிஇ பாஷையைத்தான் பேசுகிறது. மலிவான ஓர் அடாப்டரில் கார்டைச் செருகி, பட்டை கேபிளை மாட்டினால் கம்ப்யூட்டர் அதை ஹார்ட் டிஸ்க் என்றே நம்பிவிடும். சுழல்வதற்கு ஒன்றும் இல்லை, சத்தமும் இல்லை. அதில்தான் ஒரு வினை வந்தது. முன்பெல்லாம் டிஸ்க் கரகரவென்று அரைக்கும்போது நான் வேலை செய்கிறேன் என்று வீட்டில் நம்பினார்கள். இப்போது “சும்மாதானே உக்காந்திருக்கீங்க, கொஞ்சம் தேங்கா துருவிக் குடுங்க” என்று அழைப்பு வருகிறது.

ஆயுத பூஜை இன்னொரு கண்டம். சந்தனம், குங்குமம், கதம்பச் சரம் எல்லாம் சிபியுவுக்கு உண்டு. அன்று அதைத் தொடக்கூடாது என்பது ஐதீகம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அது ஹேங் ஆவதில்லை. விஜயதசமி காலையில் சரத்தை எடுக்க மறந்து சுவிட்சைப் போட்டால், நார் பின்பக்க ஃபேனில் சுற்றிக்கொண்டு ஹால் முழுக்கச் சாமந்தி பறக்கும்.

இவ்வளவையும் சமாளித்த எனக்கு ஒரு பட்டன் செல் காட்டிய வேடிக்கை மறக்காது. மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு வட்ட பேட்டரி இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம்; பெயரிலேயே அளவு இருக்கிறது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது செத்துப்போனால் கம்ப்யூட்டர் விழிக்கும்போது தான் பிறந்த காலத்துக்கே போய்விடும். எங்களுடையது 2002 ஜனவரி 1-க்குப் போயிற்று. திரையின் மூலையில் மணி மட்டும்தான் தெரியும், தேதி தெரியாது. நான் வழக்கம்போல் பில் அடித்தேன். என் புரோகிராம் நியாயமானது: இன்றைய தேதியிலிருந்து கெடு தேதியைக் கழித்து, தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 2 ரூபாய் அபராதம் போடும். அன்று கழித்தால் விடை பெரிய மைனஸில் வந்தது. அபராதமும் மைனஸில் வந்தது. வாட்ச்மேன் வீடு வீடாக விநியோகித்த பில்லின்படி, சங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் பதினைந்தாயிரத்துச் சொச்சம் தரவேண்டியிருந்தது.

பில் கட்டச் சொன்னால் ஊரில் இல்லாதவர்கள் எல்லாம் அன்று மாலை எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். மாடியில் ஒரு ரிட்டயர்டு கோர்ட் சிரஸ்தார் இருக்கிறார். பொருளாளர் கையொப்பமிட்ட தாள் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். பேட்டரியின் மேல் பழியைப் போட்டு எல்லோரையும் அனுப்பிவைத்தேன். கடை மூடியிருந்ததால், குளியலறையில் இருந்த எடை பார்க்கும் மெஷினிலிருந்து அதே சிஆர்2032-வைப் பிடுங்கிப் போட்டேன். மறுநாள் மெஷின் வேலை செய்யவில்லை என்று கண்டபோது என் மனைவியின் முகத்தில் நான் பல வருஷமாகப் பார்க்காத நிம்மதி தெரிந்தது. அதற்கு இன்றுவரை புது பேட்டரி வாங்க அவள் விடவில்லை.

இன்டர்நெட் இதற்குக் கிடையாது. கேபிளை நானே பிடுங்கிவிட்டேன். பாதுகாப்புத் திருத்தம் வராத எக்ஸ்பியை வலையில் விடுவது கதவில்லாத வீட்டில் நகையைப் பரப்பி வைப்பதுதான். விட்டாலும் பிரயோஜனமில்லை, அதன் பழைய பிரவுசருக்கு டிஎல்எஸ் 1.2 தெரியாததால் பெரும்பாலான தளங்கள் திறக்கவே மாட்டா. பென்டிரைவையும் சோதித்த பிறகே செருகவிடுவேன். ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரில், ஃபோல்டர் வேஷம் போட்டுக்கொண்டு வைரஸ் திரிந்த காலத்தைப் பார்த்தவன் நான்.

பிரின்டர் மட்டும் குறையே சொல்லமுடியாத ஜீவன். டாட் மேட்ரிக்ஸ். புரோகிராம் எழுத்துகளை நேரே பேரலல் போர்ட்டுக்கு அனுப்ப, ஊசிகள் ரிப்பன் மேல் குத்திக் குத்தி எழுதும். கார்பன் வைத்தால் அடிக்கட்டைக்கும் ஒரு பிரதி விழும். லேசர் பிரின்டர் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் இதைச் செய்யாது, ஏனென்றால் அது தாளைக் குத்துவதில்லை. ஒன்றாம் தேதி அதன் அலறல் கேட்டதும் சிலர் விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் இல்லாதவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

மகன் இத்தனை நாளும் சிரித்துக்கொண்டிருந்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-இன் பராமரிப்பும் முடிந்தது. அவனுடைய லேப்டாப்பில் டிபிஎம் 2.0 சிப் இல்லை, புராசஸரும் பழசு, ஆகவே விண்டோஸ் 11 ஏறாது என்று தெரிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அப்பா, இதுக்கு ஏதாவது வழி இருக்கா?” என்றான். அவன் அப்படிக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! லினக்ஸ் மின்ட் போட்டோம். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி வைத்தோம். பழைய லேப்டாப்புக்கு இதைவிடச் சிறந்த லேகியம் இல்லை. வெண்ணெயாக ஓடுகிறது. அதே உற்சாகத்தில் என்னுடையதற்கும் லினக்ஸ் தேடினான். என்னுடைய பென்டியம் ஃபோர் 32 பிட். டெபியன்கூட 2025-இல் வந்த 13-ஆம் பதிப்போடு 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் தருவதை நிறுத்திவிட்டது. “உங்களுது தனி லெவல்ப்பா” என்றான். பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தான். ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் வேலை, அரை டவுசர், மரியாதையான பையன். “அங்கிள், டிபிஎஃப் ஃபைலை மட்டும் பென்டிரைவ்ல குடுங்க” என்றான். நான் அவனை உட்காரவைத்து, 16 பிட் என்றால் என்ன, பொம்மை டாஸ் எப்படி வேலை செய்கிறது, இது ஏன் வேறெங்கும் நடவாத காரியம் என்று காபி ஆறும்வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு பென்டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகி, லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஃபைலைத் திறந்தான். சங்கத்தின் மொத்தச் சரித்திரமும் கட்டம் கட்டமாக வந்து நின்றது. புரோகிராம் ஓடாது என்றேனே தவிர, ஃபைல் திறக்காது என்று நான் சொல்லவில்லை. அதற்குள் அவன் டாஸ்பாக்ஸ் என்று ஒன்றைப் போட்டு என் புரோகிராமையும் ஓட்டிக் காட்டிவிட்டான். டாஸ் கேம் விளையாடுகிறவர்களுக்காக 2002-லேயே வந்ததாம். அடுத்த மாதத்திலிருந்து பில் வாட்ஸ்அப்பில், பணம் யுபிஐயில், அங்கிளுக்கு ரெஸ்ட் என்றான்.

ரெஸ்ட்! அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி, “போனாப் போகுது, ஹால் மூலை காலியாகும்” என்று ஆறுதல் சொன்னாள். காயலான் கடைக்காரருக்கு அவள் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

மறுநாள் ராத்திரி பத்து மணிக்குச் செயலாளர் ஃபோனில் வந்தான். குரலில் பழைய தெளிவு இல்லை.

“அங்கிள், ஒரு சின்ன டவுட். ‘பூனை’ன்னு ஒரு ஃபீல்டு இருக்கு.”

“ஆமா.”

“அதுல நாலு லட்சத்து பன்னெண்டாயிரம் ரூபா இருக்கு அங்கிள்.”

மூன்றாம் மாடியில் ஓர் அம்மாள் பூனைகளுக்குச் சோறு வைத்து மாடிப்படியை நாசம் செய்தபோது அபராதம் வசூலிக்க அந்த ஃபீல்டைத் திறந்தேன். அவர் பூனைகளோடு வீடு மாற்றிப் போனார். ஃபீல்டு காலியாயிற்று. அப்போது லிஃப்ட் மாற்றுவதற்கென்று நிதி திரட்ட ஆரம்பித்திருந்தோம். இவ்வளவுதான். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

“தம்பி, இதெல்லாம் ஃபோன்ல சொல்ற விஷயமில்ல. ஞாயித்துக்கிழமை நேர்ல வாங்க” என்றேன்.

“வரேன் அங்கிள். ‘தேங்கா2’ன்னும் ஒண்ணு இருக்கு, அது மைனஸ்ல போகுது...”

“அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க” என்றேன்.